எல்லார் தொண்டையும் ஒன்றல்ல

தென்காசி அருகிலுள்ள ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் படிப்பாயசம் என்றொரு நேர்ச்சை உண்டு. வேண்டுதல் பலித்தவர்கள் அனுமன் நதிக்கரைப் படிக்கட்டைக் கழுவிச் சுத்தம் செய்து, அதில் பாயசத்தை ஊற்றுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுவார்கள். அவசரமும் சிரிப்புமாகச் சாப்பிடுகையில் யாருக்காவது புரையேறிவிட்டால், பக்கத்தில் நிற்கும் பாட்டி உச்சந்தலையில் தட்டி, “யாரோ நெனைக்காவ” என்பாள்.

அந்த நொடியில் பிள்ளையின் கழுத்துக்குள் ஒரு போரே நடந்து முடிந்திருக்கும். பாயசத்தின் ஒரு துளி வழி தவறிக் குரல்வளையின் உள்விளிம்பைத் தொட்டிருக்கிறது. அங்குள்ள நரம்பு நுனிகள் மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகின்றன. குரல் நாண்கள் இறுக மூடுகின்றன. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பிறகு நாண்கள் சட்டென்று திறக்க, காற்று வெடித்துக்கொண்டு வெளியே வந்து துளியையும் தள்ளிவிடுகிறது. இத்தனையும் பிள்ளை யோசிக்கும் முன்பே நடந்துவிடும்.

இந்தக் காவல் ஏன் தேவைப்படுகிறது? மூச்சுக்குழல் கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. உணவுக்குழல் அதற்குப் பின்னால். மூக்கின் வழி வரும் காற்று பின்னாலிருந்து முன்னுக்கு வர வேண்டும். வாயின் வழி வரும் உணவு முன்னாலிருந்து பின்னுக்குப் போக வேண்டும். இரண்டு பாதைகளும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. தென்காசி – செங்கோட்டை பாதையில் ரயில் வரும்போது கேட்டை அடைத்து, போனதும் திறந்துவிடுவது போல, ஒவ்வொரு விழுங்கலுக்கும் குரல்வளை காற்றுப் பாதையை அடைத்துத் திறக்கிறது.

விழுங்கும்போது ஒரு விரலைத் தொண்டை மேட்டில் வைத்துப் பாருங்கள். மொத்தக் குரல்வளையும் மேலேறி இறங்குவது தெரியும். மேலேறும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல் நாண்கள் சேர்கின்றன, குரல்வளை மூடி எனப்படும் இலை வடிவக் குருத்தெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து வாசலை மூடுகிறது. ஒரு நாளில் நாம் நூற்றுக்கணக்கான முறை விழுங்குகிறோம். தூக்கத்திலும் எச்சில் விழுங்குகிறோம். இவ்வளவுக்கும் புரையேறுவது எப்போதாவதுதான்.

காவலாளி மயங்கினால்

முழு மயக்க மருந்து இந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. நாக்கு தளர்ந்து பின்னால் சரிகிறது. இருமல் எழாது. தசைகளைத் தளர்த்தும் மருந்து சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும். அறுவை சிகிச்சை முடியும்வரை அந்த மூச்சை வேறொருவர் விட்டாக வேண்டும். அதற்காகவே வாய் வழியாக ஒரு குழாயைக் குரல் நாண்களுக்கு நடுவே செலுத்தி மூச்சுக்குழலில் நிறுத்துகிறார்கள். மருத்துவமனைப் பேச்சில் ‘டியூப் போடுவது’. எழுத்தில் இதைச் செயற்கைச் சுவாசக்குழாய் செருகல் என்பார்கள். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தவருக்கும், பூச்சிமருந்து குடித்து நினைவிழந்தவருக்கும் உயிர் காப்பது இதே குழாய்தான்.

அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் இதனால்தான். வயிற்றிலுள்ளது மேலே வந்தால் அதைத் தடுக்க ஆள் இல்லை. தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி, தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், லேசான உணவுக்கும் மற்றப் பாலுக்கும் 6 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. பாலும் அரிசியும் சேர்ந்த பாயசம் குடிக்கும் பதத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கில் உணவுதான்.

குழாய் நுழைய வேண்டிய வாசல் சிறியது. பெரியவர்களுக்கு வழக்கமாக 7 அல்லது 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் பொருந்தும். சுண்டுவிரலைவிட மெலிந்த இந்தக் குழாய் முன்பல்லிலிருந்து ஆண்களுக்கு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர், பெண்களுக்கு 21 சென்டிமீட்டர் உள்ளே போய் நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் வலப்பக்கக் கிளைக்குழலுக்குள் போய்விடும். வலக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் வழி தவறும் குழாய் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். இடது நுரையீரல் காற்றில்லாமல் கிடக்கும். குழாயை ஒட்டிய பிறகு கழுத்தைக் குனிய வைத்தாலே நுனி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கீழே நகரும். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் நீளமே சுமார் 4 சென்டிமீட்டர்தான். அங்கே தலை திரும்புவதுகூடக் கணக்கில் வரும்.

முகம் போல ஒரு குரல்வளை

குரல்வளை 9 குருத்தெலும்புகளால் ஆனது. 3 ஒற்றையாக நிற்பவை, மற்ற 6 மூன்று ஜோடிகள். இந்த எண்ணிக்கை எல்லாருக்கும் பொது. வடிவமும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு.

முதல் வித்தியாசம் வெளியிலேயே தெரியும். முன்புறம் கேடயம் போல் நிற்கும் குருத்தெலும்பின் இரண்டு பலகைகள் ஆண்களில் ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. பெண்களில் ஏறத்தாழ 120 பாகை. கூர்மையான கோணம் வெளியே துருத்தித் தொண்டை மேடாகிறது. அதற்குள் இருக்கும் குரல் நாண்களும் ஆண்களுக்கு நீளம், பெண்களுக்குக் குட்டை. ஆணின் கனத்த குரலுக்கு இதுவே காரணம். ஆணுக்கும் பெண்ணுக்கும் குழாயின் அளவு மாறுவதும் இதே உடலமைப்பால்தான்.

குரல்வளை மூடி சிலருக்கு அகன்ற இலை. சிலருக்கு நீண்டு தொங்கி, தொண்டைக்குள் கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கு நாண்களையே மறைத்துவிடும். குருத்தெலும்புகளில் பல இருபது வயதுக்குப் பிறகு மெல்ல மெல்ல எலும்பாக இறுகத் தொடங்குகின்றன. இறுகும் வேகமும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் குரல்வளையின் பக்கவாட்டுத் தசைநாரில் கோதுமை மணி அளவு ஒரு தனிக் குருத்தெலும்பு இருக்கும், சிலருக்கு இருக்காது. அது இறுகிவிட்டால் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்று வந்தவரின் படத்தில் இந்த மணியை மீன் முள் என்று தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

நாக்கின் அடிவாரத்துக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அங்கே நீர்க்கட்டியோ, பெருத்த நாக்கடி டான்சிலோ ஒளிந்திருந்தால் வாயைத் திறந்து பார்க்கிற டாக்டருக்குக்கூட ஒன்றும் தெரியாது. அந்த மனிதர் எந்தத் தொல்லையும் இல்லாமல் பேசி, பாடி, சாப்பிட்டு வந்திருப்பார். மயங்கிய பிறகுதான் வாசல் அடைபட்டிருப்பது தெரிய வரும்.

குழந்தையின் தொண்டை தனி உலகம்

பச்சிளங் குழந்தையின் குரல்வளை கழுத்தில் மிக மேலே இருக்கிறது. குரல்வளை மூடி மேலேறி அண்ணத்தின் பின்பகுதியைத் தொடுகிறது. அதனால் மூக்கிலிருந்து மூச்சுக்குழலுக்குக் கிட்டத்தட்ட நேர்வழி கிடைக்கிறது. பால் இரு பக்கமும் பிரிந்து வழிந்துவிடும். குழந்தை வாயை எடுக்காமலே, விழுங்கல்களுக்கு நடுவே மூச்சும் விட்டுப் பால் குடிப்பது இந்த அமைப்பின் வரம். வளர வளரக் குரல்வளை கீழே இறங்குகிறது. பேச்சுக்கு இடம் கிடைக்கிறது, புரையேறும் ஆபத்தும் கூடவே வருகிறது.

குழந்தையின் குரல்வளை மூடி நீளமாக, இரு ஓரமும் உள்ளே மடிந்திருக்கும். சில குழந்தைகளுக்கு அது மிகவும் தளர்ந்திருப்பதால் மூச்சு இழுக்கும்போது உள்ளே சரிந்து கீச்சென்று சத்தம் வரும். பச்சிளங் குழந்தைகளின் மூச்சில் கேட்கும் இந்தச் சத்தத்துக்கு இதுவே மிகப் பொதுவான காரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும்.

குழந்தைத் தொண்டையின் மிகக் குறுகிய இடம் எது என்பதில் மருத்துவம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே பாடத்தைப் படித்தது. இறந்த குழந்தைகளின் குரல்வளையில் வார்த்தெடுத்த அச்சுகளை 1897இல் ஆராய்ந்தார்கள். அவற்றைச் சுட்டி 1951இல் வந்த ஒரு கட்டுரை, நாண்களுக்குக் கீழே உள்ள மோதிரக் குருத்தெலும்பே மிகக் குறுகலானது என்று சொன்னது. 2003இல், உயிருள்ள குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, நாண்களின் மட்டத்தில்தான் பாதை குறுகலாகத் தெரிந்தது. ஆனாலும் மோதிரத்துக்கு மதிப்புக் குறையவில்லை. நாண்கள் நெகிழ்ந்து கொடுக்கும். மோதிரம் முழு வட்டம், ஒரு மயிரிழைகூட விரியாது.

அந்த விரியாத வளையத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 4 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பொருந்தாத குழாய் உரசி, சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். பரப்பு கால் பங்காகிவிடும். காற்று சீராக ஓடினாலும் அதற்குள்ள தடை 16 மடங்காகும். பெரியவருக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக முடியும் வீக்கம், குழந்தைக்கு மூச்சுப் போராட்டம். ஆகவேதான் குழந்தைக்கு வயதை வைத்துக் குழாயைத் தேர்வார்கள். வயதை 4ஆல் வகுத்து 4ஐக் கூட்டினால், நுனியில் காற்றுப்பை இல்லாத குழாயின் உள்விட்டம் மில்லிமீட்டரில் வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கு 5. கணக்கு சொன்ன குழாயோடு அரை மில்லிமீட்டர் கூடவும் குறையவும் இரண்டு குழாய்களை எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஏனென்றால் குரல்வளை பிறந்தநாளைப் பார்த்து வளர்வதில்லை.

பார்க்க முடியாததைப் பார்த்தவர்கள்

குரல் நாண்கள் அசைவதைத் தன் தொண்டையிலேயே பார்த்து உலகுக்குச் சொன்னவர் டாக்டர் இல்லை, சங்கீத வாத்தியார். லண்டனில் வாழ்ந்த ஸ்பானியர் மனுவேல் கார்சியா 1854இல் ஒரு பல் மருத்துவர் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிவிட்டுத் தன் நாண்களையே கண்டார். 1878இல் கிளாஸ்கோ நகரின் வில்லியம் மக்கீவன், மயக்கம் கொடுக்கும் முன் விழித்திருந்த நோயாளியின் தொண்டைக்குள் விரல்களால் தடவியே ஒரு உலோகக் குழாயைச் செருகினார். 1943இல் ராபர்ட் மேக்கின்டோஷ் வளைந்த தகடு கொண்ட குரல்வளைநோக்கியை வடிவமைத்தார். தகட்டின் நுனி நாக்கடிப் பள்ளத்தில் அமர்ந்து மேலே தூக்க, குரல்வளை மூடி தானாக எழும், நாண்கள் தெரியும். இன்றும் உலகெங்கும் அறுவை அரங்குகளில் அந்தத் தகடு இருக்கிறது.

ஆனால் வெளிச்சம் வளையாது. வாய் ஒரு திசை, தொண்டை இன்னொரு திசை. இரண்டையும் ஒரே பார்வைக் கோட்டுக்குக் கொண்டுவர, கழுத்தை முன்னே தள்ளித் தலையைப் பின்னே சாய்க்க வேண்டும். அந்தக் கோடு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை மயக்கம் கொடுக்கும் முன்பே சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கு எளிய விடை கண்டவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர். ஆந்திராவின் குண்டூர்ப் பகுதியில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, 1985இல் 210 நோயாளிகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, நாக்கை முழுதாக நீட்ட வேண்டும். ‘ஆ’ என்று சொல்லக் கூடாது. உள்நாக்கும் அதன் இரு பக்கத் தூண்களும் தெரிந்தால் வழி எளிது. நாக்கு எல்லாவற்றையும் மறைத்தால் எச்சரிக்கை. ஊசியும் இல்லை, இயந்திரமும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பிறர் நான்காவது படி ஒன்றைச் சேர்த்தார்கள். இன்று உலகில் எங்கு மயக்கம் கொடுத்தாலும் ஒரு தெலுங்குக் குடும்பப் பெயர் கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது.

நம் நாட்டுக்கென்று ஒரு சோதனையும் முக்கியம். பாக்கு தொடர்ந்து மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துவிடும். கையின் நடுவிலுள்ள மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் தகடு நுழையவே இடம் இருக்காது.

கழுத்தை அசைக்கவே கூடாதென்றால்

தலையைச் சாய்த்தால் வழி தெரியும் என்றேன். சாய்க்கவே கூடாத நோயாளிகளும் உண்டு. ஆய்க்குடிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சஹாலின் பெயரால் அவர் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தண்டுவடம் அடிபட்டவர்களும் மாற்றுத்திறன் குழந்தைகளும் அங்கே மறுவாழ்வு பெறுகிறார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கழுத்தின் உள்ளமைப்பில் ஒரு வியப்பு இருக்கிறது. பெரியவர்களின் குரல்வளை 3ஆம் கழுத்தெலும்புக்கும் 6ஆம் கழுத்தெலும்புக்கும் முன்னால் அமர்ந்திருக்கிறது. மூச்சை நடத்தும் உதரவிதானத்துக்கான நரம்பு தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் கழுத்துப் பிரிவுகளிலிருந்து கிளம்புகிறது. காற்று நுழையும் வாசலும் அந்தக் காற்றை இழுக்கும் தசைக்கான கம்பியும் முன்னும் பின்னுமாக ஒரே அடுக்கில் இருக்கின்றன. விபத்தில் கழுத்து முறிந்தவருக்குக் குழாய் அவசரமாகத் தேவைப்படும். அதே வேளையில் குழாய் போடக் கழுத்தை வளைத்தால் மிஞ்சியிருக்கும் நரம்பும் நசுங்கக்கூடும்.

இதற்கு மனிதக் கைகளே தீர்வு. ஒருவர் நோயாளியின் தலையை இரண்டு கையாலும் உடம்பின் நேர்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொள்வார். கழுத்துப் பட்டையின் முன்பகுதியைக் கழற்றி வாய் திறக்க இடம் தருவார்கள். பார்வை மோசமாகத்தான் இருக்கும். அப்போது ‘பூஜி’ எனப்படும் மெல்லிய, வளையும் குச்சியை முதலில் செலுத்துவார்கள். அதன் வளைந்த நுனி மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்கள் மீது தட்டித் தட்டி நகர்வது விரலுக்குத் தெரியும். உணவுக்குழலில் அந்தத் தட்டல் கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும் நேரம் அது. நுனியில் கேமரா பொருத்திய வீடியோ நோக்கி இப்போது பரவலாகியிருக்கிறது. கண் வாய்க்கு வெளியே இருக்க, பார்வை மட்டும் வளைவைத் தாண்டிப் போகிறது.

கடிகாரமும் ஆக்சிஜனும்

மூச்சை நிறுத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். ஓய்விலுள்ள பெரியவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறார். மூச்சை விட்ட பின்பும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சும். சாதாரணக் காற்றாக இருந்தால் அதில் உள்ள ஆக்சிஜன் 400 மில்லிக்கும் குறைவு. ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். மயக்கத்துக்கு முன் 3 நிமிடம் முகமூடியில் சுத்த ஆக்சிஜனை மூச்சாக இழுக்கச் சொல்வார்கள். நைட்ரஜன் வெளியேறி அந்த இரண்டரை லிட்டரும் கிட்டத்தட்ட ஆக்சிஜனாகவே மாறும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறத்தாழ 8 நிமிட அவகாசம் கிடைக்கும். குழந்தைக்கும் மிகப் பருமனானவருக்கும் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதற்குக் கண்ணையும் காதையும் மட்டும் நம்புவதில்லை. வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று ஒரு கருவி அளக்கும். நுரையீரலிலிருந்து அது ஒவ்வொரு மூச்சுக்கும் வந்துகொண்டே இருக்கும். வயிற்றிலிருந்து வராது. திரையில் அலை எழுந்தால் குழாய் சரி. அலை இல்லையென்றால் உடனே எடுத்தாக வேண்டும்.

இவ்வளவு சோதனைகளும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. டென்மார்க்கில் 1,88,000க்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். குழாய் போடுவது கடினமாக இருந்த 3,391 பேரில் 93 சதவீதத்தினர், முன்கூட்டிச் சொல்லப்படாதவர்கள். ஆகவே எளிதாகத் தெரியும் தொண்டைக்கும் மாற்றுவழி தயாராக இருக்க வேண்டும். அகில இந்தியக் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல் இதைத்தான் நெறியாக்கியது. அதிகபட்சம் 3 முயற்சி. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆக்சிஜனை மீட்க வேண்டும். முடியவில்லையென்றால் குரல்வளைக்கு மேலேயே அமரும் முகமூடிக் குழாய். அதுவும் ஆகவில்லையென்றால் முகத்து முகமூடி. எதுவும் உதவாதபோது கழுத்தின் முன்பக்க வழி.

அந்தக் கடைசி வழியை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். தொண்டை மேட்டிலிருந்து விரலைக் கீழே இறக்குங்கள். ஒரு சிறு குழி, அதன் கீழே ஒரு கெட்டியான வளையம். நடுவிலுள்ள குழிதான் மோதிரக் குருத்தெலும்பின் மேல் விரிந்த சவ்வு, உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். காற்றுப் பாதை தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில் ஒன்று அது. மேடு எழாத பெண்களுக்கும் கழுத்து பருத்தவர்களுக்கும் அதை விரலால் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்து முன்கூட்டியே பேனாவால் குறித்துவைப்பார்கள்.

மருத்துவரின் கைத்திறனைவிட இங்கே உயிர் காப்பது முன்னறிவு. அந்த அறிவில் ஒரு பங்கு நோயாளியிடம் இருக்கிறது. முன்பு எப்போதாவது ‘டியூப் போடக் கஷ்டமாக இருந்தது’ என்று உங்களிடம் சொல்லியிருந்தால், அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆடும் பல், கட்டிய பல், இரவுக் குறட்டை, குரல் மாற்றம், கழுத்துக் கட்டி, பழைய தீக்காயம், முன்பு பல நாள் வெண்டிலேட்டரில் இருந்தது, குழந்தையின் மூச்சுச் சத்தம், காலையில் யாருக்கும் தெரியாமல் குடித்த ஒரு வாய் காப்பி: எதையும் மறைக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் கூச்சப்படாமல் முழுதாக நீட்டுங்கள்.